ஊர்க்காரர் போட்ட பணம்



இங்கிலாந்தில் பிரீமியர் லீக் என்ற பெயரில் கால்பந்துப் போட்டி தொடங்கியது 1992இல். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தப் பட்டத்தை வென்ற கிளப்கள் ஏழே ஏழு. மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல், செல்சி, லிவர்பூல் ஆகிய ஐந்தையும் நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆறாவது லெஸ்டர் சிட்டி. 2016இல் அது வென்ற கதையை உலகமே பேசியது. ஏழாவது எது என்று கேட்டால்தான் பலரும் யோசிக்கிறார்கள். அது பிளாக்பர்ன் ரோவர்ஸ். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரின் கிளப். 1995இல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளிப் பட்டம் வென்றது.

அந்தக் கிளப்புக்குப் பணம் போட்டவர் ஜாக் வாக்கர். ‘காசு கொடுத்துக் கோப்பையை வாங்கியவர்’ என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது அங்கே பலருக்கும் வழக்கம். அந்த வரி பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்காகத்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஊரைப் பார்ப்போம். பிளாக்பர்ன், லங்காஷயரில் இருக்கும் நெசவு நகரம். அங்கே நெய்த துணியில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் கப்பலேறியது. நம்மவர்கள் கட்டிய வேட்டிகளை விசைத்தறியில் நெய்து குவித்த ஊர் அது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த வணிகம் சரிந்தது. நம் நாட்டு ஆலைகளின் வளர்ச்சி, ஜப்பானியப் போட்டி, பிறகு அந்நியத் துணி மறுப்பு என்று அடிமேல் அடி விழுந்தது. 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போயிருந்த காந்தி, வேலையிழந்த நெசவுத் தொழிலாளர்களைப் பார்ப்பதற்காகவே லங்காஷயருக்கு வந்தார். அவர் தங்கியது பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வெனில். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். டார்வெனிலிருந்து வரும் ஆறுதான் ரோவர்ஸின் மைதானமான ஈவுட் பார்க்கை ஒட்டி ஓடுகிறது. காந்தி வந்தபோது ஜாக் வாக்கருக்கு இரண்டு வயது.

அவர் பிறந்தது 1929 மே 19. அந்த ஆண்டுக்கு ஒரு பொருள் இருக்கிறது. ரோவர்ஸ் 1875இல் தொடங்கிய கிளப். 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக்கை ஆரம்பித்த பன்னிரண்டு கிளப்களில் அதுவும் ஒன்று. 1912, 1914 ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றது. எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை எடுத்தது. கடைசி முறை 1928இல். அதாவது வாக்கர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு. அதற்குப் பிறகு அவர் பையனாக, வாலிபனாக, தொழிலதிபராக வளர்ந்த அத்தனை காலத்திலும் ஊர்க் கிளப் ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொடவில்லை. 1960இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி வரை போய், உல்வ்ஸிடம் 3–0 என்று தோற்றது. 1966இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. எழுபதுகளில் சில ஆண்டுகள் மூன்றாம் டிவிஷனில் கிடந்தது. தாத்தா சொன்ன பழம்பெருமையைக் கேட்டபடி தோல்விகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வாக்கருடையது.

வாக்கரின் அப்பா சார்லஸ் தகர வேலைப் பட்டறை வைத்திருந்தார். ஜாக் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிலுக்கு வந்தார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும், ஜாக்கும் ஃபிரெட்டும், பட்டறையை எஃகு வணிகமாக மாற்றினார்கள். நம்மூர் இரும்புக் கடைத் தெருவில் ‘ஸ்டாக்கிஸ்ட்’ என்று பலகை தொங்குமே, அந்தத் தொழில். உருக்காலை டன் கணக்கில்தான் விற்கும். சின்னப் பட்டறைக்காரருக்கு நான்கு தகடு போதும். நடுவில் இருப்பவர் மொத்தமாக வாங்கி அடுக்கி, கேட்ட அளவில் வெட்டி, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருப்பு சரியாக இருக்க வேண்டும், லாரி நேரத்துக்குப் போக வேண்டும், வாக்குத் தவறக் கூடாது. இதைச் செய்தே வாக்கர்ஸ்டீல் பிரிட்டனின் மிகப் பெரிய எஃகு இருப்பு நிறுவனமாக ஆனது. 1989இல் அதை பிரிட்டிஷ் ஸ்டீல் வாங்கியபோது கொடுத்த விலை 33 கோடி பவுண்டு. அதோடு ஜெர்சி தீவில் ஒரு சிறிய விமான நிறுவனமும் வாக்கர் குடும்பத்திடம் இருந்தது. பிற்காலத்தில் ஃபிளைபி என்று பெயர் பெற்றது அதுதான்.

அறுபது வயதில், தொழிலை விற்று, வரி குறைவான ஜெர்சி தீவில் குடியிருக்கும் ஒரு பெரும் பணக்காரர் என்னென்னவோ செய்யலாம். அவர் ரோவர்ஸை வாங்கினார்.

ஆனால் கிளப்போடு அவருடைய தொடர்பு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1985இல் பிராட்ஃபோர்டு மைதானத்தின் மரக் கேலரியில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். நாடெங்கும் பழைய மைதானங்களைச் சோதித்தபோது ஈவுட் பார்க்கின் ஆற்றங்கரைக் கேலரியும் ஆபத்தானது என்று தெரிந்தது. இரண்டாம் டிவிஷனில் வரவுக்கும் செலவுக்கும் இழுபறியாக இருந்த கிளப்பிடம் புதிதாகக் கட்டப் பணமில்லை. கட்டுமானப் பொருள்களை வாக்கரின் நிறுவனம் கொடுத்தது. அந்தக் கேலரிக்கு வாக்கர்ஸ்டீல் என்றே பெயர் வந்தது. நட்சத்திர ஆட்டக்காரரை வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கிளப்புக்குக் கொடுத்தது எஃகு. ‘கோப்பையை வாங்கியவர்’ என்பவர்கள் இந்த வரிசையைச் சொல்வதில்லை. அவருடைய உதவியோடு 1987–88 பருவத்தில் பார்சலோனாவின் ஸ்டீவ் ஆர்ச்சிபால்டும், அர்ஜென்டினாவின் உலகக் கோப்பை வீரர் ஓஸ்ஸி ஆர்டிலெஸும் சில மாதம் கடனாக வந்து ஆடினார்கள். ஆனாலும் 1988, 1989, 1990 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள் வரை போய் ரோவர்ஸ் தோற்றது. அவற்றில் 1989 தோல்வி மிகவும் கொடியது. முதல் ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 3–1 என்று வென்றுவிட்டு, இரண்டாவதில் கூடுதல் நேரத்தில் 3–0 என்று எல்லாவற்றையும் இழந்தார்கள்.

1991 ஜனவரியில் வாக்கர் கிளப்பை முழுமையாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அந்தப் பருவம் ரோவர்ஸ் முடித்தது இரண்டாம் டிவிஷனில் 19ஆவது இடத்தில்.

அதே ஆண்டு அக்டோபரில் ஈவுட் பார்க்குக்கு மேனேஜராக வந்தவர் கென்னி டால்கிளிஷ். லிவர்பூலின் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் எல்லாவற்றையும் வென்றவர். லிவர்பூல் ரசிகர்கள் மைதான நெரிசலில் பலியான ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பிறகு அடுத்தடுத்து இறுதிச் சடங்குகளுக்குப் போய் மனமொடிந்து, 1991 பிப்ரவரியில் லிவர்பூலை விட்டு விலகியிருந்தார். எந்தப் பெரிய கிளப்பும் அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும். இரண்டாம் டிவிஷன் கிளப் ஒன்று அவரைக் கொண்டுவந்தது என்றால் சம்பளத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது. தனக்கு என்ன வேண்டும் என்பதை வாக்கர் தெளிவாகச் சொன்னார். அதற்கு எவ்வளவு ஆனாலும் போட ஆயத்தமாக இருந்தார். ஆட்டத்தை மேனேஜரின் கையில் விட்டார். சேர்மன் நாற்காலியில்கூட அவர் உட்காரவில்லை. கிளப்பின் முதலாளி அவர்தான் என்பது ஊரறிந்த விஷயம்; ஆனால் அந்த வெற்றி ஆண்டுகளில் சேர்மனாக இருந்தவர் ராபர்ட் கோர்.

1992 வசந்தத்தில் முதலிடத்தில் இருந்த அணி திடீரென்று வரிசையாகத் தோற்று, கடைசி நாளில் பிளைமவுத்தில் டேவிட் ஸ்பீடி போட்ட மூன்று கோலால்தான் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. அரையிறுதியில் டெர்பியிடம் சொந்த மைதானத்திலேயே இரண்டு கோல் பின்தங்கி, 4–2 என்று மீண்டது. வெம்ப்லியில் நடந்த இறுதி ஆட்டத்தில் லெஸ்டருக்கு எதிராக மைக் நியூவெல் பெனால்டியை உள்ளே அடித்தார். 1–0. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு மேல் டிவிஷன். அந்த ஆண்டுதான் அதற்குப் பிரீமியர் லீக் என்று பெயர் மாறியிருந்தது.

இனிதான் பெரிய பணம் வருகிறது. 1992 கோடையில் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆலன் ஷியரரை சுமார் 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்றைக்கு பிரிட்டிஷ் சாதனை விலை. மான்செஸ்டர் யுனைடெட்டும் அவரைக் கேட்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக இரண்டு கோல். டிசம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து மீதிப் பருவம் போய்விட்டது. அடுத்த பருவம் திரும்பி வந்து 31 லீக் கோல் போட்டார். 1994இல் நார்விச்சிலிருந்து கிறிஸ் சட்டன் 50 லட்சம் பவுண்டுக்கு வந்தார். அதுவும் சாதனைதான். நாடு முழுவதும் முணுமுணுத்தது. ஊர்பேர் தெரியாத கிளப் விலையை ஏற்றி ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின.

இங்கே ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். 1993 கோடை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் இளம் வீரர் ராய் கீனை டால்கிளிஷ் பேசி முடித்துவிட்டார். சம்பளம் ஒத்துப்போய்விட்டது, கைகுலுக்கியாயிற்று. ஒப்பந்தப் படிவம் வேண்டுமென்று ஈவுட் பார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டால், வார இறுதி என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சரி, திங்கட்கிழமை கையெழுத்துப் போடலாம் என்று பிரிந்தார்கள். சனிக்கிழமை கீனை அலெக்ஸ் ஃபெர்குசன் அழைத்தார். கீன் மான்செஸ்டர் போய்விட்டார். விலை 37.5 லட்சம் பவுண்டு. ஒரு வருடம் முன்பு வாக்கர் வைத்த சாதனையை முறியடித்த தொகை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் யுனைடெட்டின் நடுக்களம் அவருடையது. இந்தக் கதையைக் கீனே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு சம்பவத்தில் இரண்டு விஷயங்கள் வெளிச்சமாகின்றன. ஒன்று, சாதனை விலை கொடுத்தது பிளாக்பர்ன் மட்டும் அல்ல. யுனைடெட் 1995 ஜனவரியில் ஆண்டி கோலுக்காக 70 லட்சம் பவுண்டு மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. பணமாக 60 லட்சம், மீதிக்கு ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்தது. அதே செலவைப் பெரிய கிளப் செய்தால் லட்சியம் என்றும், சின்ன ஊர் செய்தால் கெடுதல் என்றும் பேசுவது நியாயம் அல்ல. இரண்டு, பணம் இருந்தால் மட்டும் போதாது என்பதை வாக்கரின் கிளப் தினமும் அனுபவித்தது. பெயர் இல்லை, அண்மைக்கால வரலாறு இல்லை, வெள்ளிக்கிழமை மாலையில் போனை எடுக்க ஆளும் இல்லை. அந்த இடத்திலிருந்து ஓர் அணியைக் கட்ட வேண்டியிருந்தது.

கட்டிய விதத்தையும் கவனிக்க வேண்டும். ஷியரர், சட்டன், கோல்கீப்பர் டிம் ஃபிளவர்ஸ் ஆகியோரின் விலைதான் தலைப்புச் செய்தி ஆனது. பின்களத்தின் தூணாக நின்ற காலின் ஹென்ட்ரி ஏற்கெனவே ரோவர்ஸில் ஆடி, மான்செஸ்டர் சிட்டிக்குப் போய், 7 லட்சம் பவுண்டில் திரும்பி வந்தவர். கேப்டன் டிம் ஷெர்வுட்டுக்கு 5 லட்சம். நார்வேயின் ஹென்னிங் பெர்க் அதற்கும் குறைவு. இடது ஓரத்தில் பறந்த ஜேசன் வில்காக்ஸ் கிளப்பின் இளைஞர் அணியிலிருந்து வந்தவர். டேவிட் பேட்டி பெரும் விலைக்கு வந்து காயத்தில் படுத்துவிட, பட்டம் வென்ற பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களில் அவர் இடத்தில் ஆடியவர் மார்க் அட்கின்ஸ். அவர் 1988இல் ஸ்கன்தார்ப் என்ற சிறிய கிளப்பிலிருந்து வெறும் 45 ஆயிரம் பவுண்டுக்கு வந்தவர். வாக்கர் கிளப்பை வாங்குவதற்கு முந்தைய ஏழை நாட்களின் ஆள்.

1995 மே 8. ஈவுட் பார்க்கில் நியூகாசில் அணியோடு ஆட்டம். ஷியரர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். பிறகு முழுக்க நியூகாசிலின் முற்றுகைதான். ஃபிளவர்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். 1–0. பிளாக்பர்ன்காரர்கள் கடைசிக் கட்டத்தில் நடுங்கிவிடுவார்கள் என்று அதற்கு முந்தைய வாரங்களில் எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஃபிளவர்ஸ் தொலைக்காட்சி முன்னால் நின்று பொரிந்து தள்ளியது இன்றும் அந்நாட்டுக் கால்பந்து ரசிகர்களுக்கு நினைவிருக்கிறது.

கடைசி நாள் மே 14. எதிரணி லிவர்பூல், மைதானம் டால்கிளிஷ் வாழ்ந்து, ஜெயித்து, அழுதுவிட்டு வந்த ஆன்ஃபீல்ட். ரோவர்ஸுக்கு 89 புள்ளி, யுனைடெட்டுக்கு 87. யுனைடெட் லண்டனில் வெஸ்ட்ஹாமை வென்று, ரோவர்ஸ் வெல்லாமல் போனால் பட்டம் மான்செஸ்டருக்கு. இருபதாவது நிமிடத்தில் ஸ்டூவர்ட் ரிப்லி வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை ஷியரர் அடித்தார். அந்தப் பருவத்தில் அவருடைய 34ஆவது லீக் கோல். இரண்டாம் பாதியில் ஜான் பார்ன்ஸ் சமன் செய்தார். கூட்டத்தில் பாதிப் பேரின் காதில் டிரான்சிஸ்டர். லண்டனில் 1–1. அங்கே வெஸ்ட்ஹாம் கோல்கீப்பர் லுடெக் மிக்லோஷ்கோ ஆண்டி கோலின் வாய்ப்புகளை ஒவ்வொன்றாக மறித்துக்கொண்டிருந்தார். இங்கே கடைசி நிமிடங்களில் லிவர்பூலுக்கு ஃப்ரீ கிக். ஜேமி ரெட்நாப் அடித்தது நேராக வலைக்குள் போனது. 2–1. ரோவர்ஸ் தோற்றுவிட்டது.

அதே நேரத்தில்தான் லண்டன் ஆட்டம் முடிந்த செய்தி வந்தது. யுனைடெட்டால் வெல்ல முடியவில்லை. தோற்ற அணியின் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். லிவர்பூல் ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 81 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். கோப்பையைக் கையில் வாங்கியபோது ஜாக் வாக்கர் அழுதார். அறுபத்தாறு வயதுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் அது சினிமா. அடுத்து நடந்ததையும் பேசினால்தான் மனிதர் தெரிவார்.

பட்டம் வென்ற கையோடு டால்கிளிஷ் மேனேஜர் பொறுப்பை விட்டு மேல் பதவிக்குப் போனார். அவருக்குத் துணையாக இருந்த ரே ஹார்ஃபோர்டு மேனேஜரானார். அணியைப் புதுப்பிக்கப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் ரோவர்ஸ் தன் பிரிவில் கடைசி. மாஸ்கோவில் ஆட்டத்தின் நடுவே சொந்த அணியின் பேட்டியும் லெ சோவும் ஒருவரோடொருவர் கைகலந்த காட்சியை உலகம் பார்த்தது. லீக்கில் ஏழாவது இடம். 1996 கோடையில் ஷியரரை நியூகாசில் 1.5 கோடி பவுண்டுக்குக் கேட்டது. அன்று உலக சாதனை. மான்செஸ்டர் யுனைடெட்டும் கேட்டது. நியூகாசில்தான் ஷியரர் பிறந்து வளர்ந்த ஊர். அவர் ஊருக்குப் போனார். அந்த முடிவை வேறு யாரையும்விட வாக்கர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்.

1999 மே மாதம், பட்டம் வென்று நான்கே ஆண்டில், ரோவர்ஸ் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அதை உறுதி செய்த ஆட்டமும் மான்செஸ்டர் யுனைடெட்டோடுதான், கோலில்லாச் சமன். இந்த இடத்தில் பணக்கார முதலாளிகள் என்ன செய்வார்கள் என்பதை நாம் எத்தனையோ கிளப்களில் பார்த்திருக்கிறோம். வாக்கர் விட்டுப் போகவில்லை. மீண்டும் பணம் போட்டார். 2000 மார்ச்சில் கிரீம் சூனெஸை மேனேஜராகக் கொண்டுவந்தார். மீண்டு வருவதை அவர் பார்க்கவில்லை. 2000 ஆகஸ்ட் 17 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அந்தப் பருவத்தை அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கி ஆடிய அணி, 2001 மே மாதம் பிரெஸ்டனில் மேட் ஜான்சன் போட்ட கோலில் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. 2002இல் கார்டிஃபில் டாட்டன்ஹாமை வென்று லீக் கோப்பையையும் எடுத்தது.

வாக்கரைத் தனியாகப் பார்த்தால் அவருடைய அளவு தெரியாது. அதே காலத்தில் இன்னொரு ஜாக் இருந்தார். சர் ஜாக் ஹேவர்டு, உல்வர்ஹாம்ப்டனில் பிறந்து பஹாமாஸில் பணம் சேர்த்தவர். சிறு வயதிலிருந்து உல்வ்ஸ் ரசிகர். 1990இல் கிளப்பை 21 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். சிதைந்து கிடந்த மொலினோ மைதானத்தை முழுக்கக் கட்டியெழுப்பினார். கோடிக்கணக்கில் ஆட்டக்காரர்களுக்குக் கொட்டினார். மேல் டிவிஷனைத் தொட அவருக்குப் பதின்மூன்று ஆண்டு ஆனது, 2003இல். ஒரே பருவத்தில் கிளப் மறுபடி இறங்கியது. 2007இல் கிளப்பை அவர் விற்ற விலை பத்து பவுண்டு. பத்து கோடி அல்ல, வெறும் பத்து. வாங்குபவர் கிளப்பில் 3 கோடி பவுண்டு போட வேண்டும் என்பதே நிபந்தனை. செல்சியின் மேத்யூ ஹார்டிங் 1993இல் தன் கிளப்பில் பணம் போடத் தொடங்கி, 1996 அக்டோபரில் போல்டனில் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். செல்சி அதற்குப் பிறகு வென்ற பெரும் பட்டங்களை அவர் பார்க்கவில்லை.

மூவருக்கும் பணம் இருந்தது, பாசமும் இருந்தது. லீக் பட்டம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆகவே பணம் கோப்பையை வாங்கித் தரும் என்ற வாதம் நிற்காது. சரியான மேனேஜர், சரியான நேரம், ஷியரர் என்ற அபூர்வமான ஆட்டக்காரர், கொஞ்சம் மிக்லோஷ்கோவின் கைகள் எல்லாம் சேர்ந்து வர வேண்டியிருந்தது.

வாக்கர் மீது வைக்க வேண்டிய உண்மையான கேள்வி வேறு. ஒரே மனிதரின் பாசத்தையும் பணத்தையும் நம்பிக் கட்டிய கிளப், அவருக்குப் பிறகு என்ன ஆகும்?

அவர் முன்யோசனையோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கிளப் ஜெர்சியில் இருந்த குடும்ப டிரஸ்ட்டின் கையில் இருந்தது. ஆண்டுதோறும் பணமும் வந்தது. அந்தப் பத்தாண்டுகள் மோசமானவை அல்ல. 2003இலும் 2006இலும் லீக்கில் ஆறாவது இடம். ஆனால் டிரஸ்ட்டிகள் நிர்வாகிகள், ரசிகர்கள் அல்லர். மெல்லப் பணத்தைக் குறைத்தார்கள். வாங்க ஆள் தேடினார்கள். 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்குக் கிளப் கைமாறியது. வாங்கியது நமக்குத் தெரிந்த பெயர்: புனேயைச் சேர்ந்த வெங்கீஸ், கோழிப்பண்ணைத் தொழிலின் பெரும் குழுமம்.

அடுத்த மாதமே அனுபவமிக்க மேனேஜர் சாம் ஆலர்டைஸ் நீக்கப்பட்டார். ரொனால்டினோ வருகிறார், பெக்கம் வருகிறார் என்று பேச்சு நடந்தது, யாரும் வரவில்லை. 2012 மே மாதம், விகன் அணியிடம் சொந்த மண்ணில் தோற்று ரோவர்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேறியது. அன்று ரசிகர்கள் கிளப் கொடி சுற்றிய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். 2017இல் மூன்றாம் நிலைக்கே இறங்கி, அடுத்த ஆண்டே மேலேறியது. வெங்கீஸ் குடும்பத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர்களும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கிளப்பை மூடாமல் காத்து வந்திருக்கிறார்கள். தொகையில் குறை சொல்ல முடியாது. குறை தூரத்தில் இருக்கிறது. ஊர் என்ன நினைக்கிறது என்பது வாக்கருக்குச் சனிக்கிழமை கேலரியில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். புனேயில் இருப்பவருக்கு அது அறிக்கையாகத்தான் போய்ச் சேரும்.

டிரஸ்ட் பத்திரத்தில் பணத்தை எழுதி வைத்த வாக்கர், ஊர்க்காரர்களுக்குக் கிளப்பில் ஒரு குரலை எழுதி வைக்கவில்லை. ரசிகர் சங்கத்துக்கு ஒரு பங்கு, விற்பனையை மறுக்க ஓர் உரிமை, நிர்வாகக் குழுவில் ஓர் இடம் என்று ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் 2010இல் யாரோ ஒருவராவது எழுந்து கேள்வி கேட்டிருப்பார். அவர் செய்த ஒரே பெரிய பிழை இதுதான். அதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை.

ஆட்டக்காரர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போனாலும், அவர் கட்டியவை நிற்கின்றன. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு மேல் டிவிஷன்களில் எல்லோரும் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று விதி வந்தபோது, ஈவுட் பார்க்கின் மூன்று பக்கங்களை அவர் ஒரேயடியாக இடித்துக் கட்டினார். அதற்காக நட்டல் தெருவின் பழைய தொழிலாளர் வீடுகள் போயின. அங்கே எழுந்த கேலரிக்கு அவர் பெயர். 31,000 பேருக்கு மேல் உட்காரலாம். பிளாக்பர்ன் அளவு ஊருக்கு மிகப் பெரியது. ஊருக்கு வெளியே பிராக்ஹால் என்ற இடத்தில், பழைய மருத்துவமனை நிலத்தில், மூத்த அணிக்கும் சிறுவர்களுக்கும் பயிற்சி மையங்கள் அமைத்தார். அங்கே வளர்ந்த டேமியன் டஃபை 2003இல் செல்சி 1.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஃபில் ஜோன்ஸை 2011இல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. வாக்கர் இறந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு அதே பிளாக்பர்னில் பிறந்த ஆடம் வார்ட்டன், பிராக்ஹாலில் பழகி, 2024 பிப்ரவரியில் 1.8 கோடி பவுண்டுக்கு கிரிஸ்டல் பேலஸ் போனார். நான்கே மாதத்தில் யூரோ கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இருந்தது. வெங்கீஸ் காலத்தில் கிளப்பைத் தாங்கிய வருவாயில் ஒரு பங்கு இந்தப் பயிற்சி மையத்திலிருந்து வந்தது என்றால் அது மிகையல்ல.

2025–26 பருவம் வரை ஒரு பிரீமியர் லீக் கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று விதி இருந்தது. கீழ் டிவிஷனில் வரம்பு 3.9 கோடியாக இருந்தது. வருமானம் அதிகமுள்ள கிளப் அதிகம் செலவிடலாம். சின்னக் கிளப்பின் பணக்கார ரசிகர் தன் பையைத் திறக்க நினைத்தாலும் ஆட்டக்காரர்களுக்காக ஓரளவுக்கு மேல் திறக்க முடியாது. பொறுப்பற்ற முதலாளிகளிடமிருந்து கிளப்களைக் காக்க வந்த விதி இது. அந்த நோக்கம் சரிதான். ஆனால் 1992இல் இது இருந்திருந்தால் ஷியரர் பிளாக்பர்னுக்கு வந்திருக்க மாட்டார். மைதானம், பயிற்சி மையம், இளைஞர் அணி ஆகியவற்றுக்குச் செய்யும் செலவை இந்த விதிகள் கணக்கில் சேர்க்கவில்லை. வாக்கர் செய்தவற்றில் இன்றும் தடையில்லாதவை, இன்றும் பலன் தருபவை, இரண்டும் அவைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் மான்செஸ்டருக்குப் போனால் ஓல்டு டிராஃபோர்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகிறவர்கள் விக்டோரியா நிலையத்தில் ரயிலேறுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிளாக்பர்ன். சனிக்கிழமை ஆட்டமிருந்தால் டிக்கெட் பெரும்பாலும் கிடைக்கும். ஜாக் வாக்கர் கேலரியில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் இருக்கும் பெரியவரிடம் 1995 பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருக்கும்.